ஒரே ஒரு கிருமி

அந்த இதய மருத்துவமனையில் யாருக்கு எப்போது அறுவை சிகிச்சை என்பதை மருத்துவர்கள் முடிவு செய்வதில்லை. தரைத்தளக் கூடத்தில் ஒரு சுவரையே மறைத்துக்கொண்டிருக்கும் மின்பலகை முடிவு செய்யும். பரிசோதனை முடிவு வந்தவர்களின் பெயர் மட்டுமே அதில் வரும். ரத்தத்தில் கிருமி எண்ணிக்கை பத்துக்குக் கீழே இருந்தால் பச்சை எழுத்து; அறுவை அறைக்குப் போகலாம். பத்தோ அதற்கு மேலோ இருந்தால் சிவப்பு; வீட்டுக்குப் போகலாம். முடிவு வராதவர்களுக்கு நிறம் கிடையாது. அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

மூக்குக் கண்ணாடிக் கடை விற்பனையாளர் ஒருவரும் அவர் மனைவியும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் இதய வால்வு ஒன்றைக் கிருமி அரித்திருந்தது. பல வாரங்கள் ஊசி மருந்து ஏற்றி, கையில் குத்த இடமில்லாமல் போன பிறகு, ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. கிருமி எண்ணிக்கை பூஜ்யம்.

"இதைவிட நல்ல ரிசல்ட் கிடையாது," என்றார் அறுவை மருத்துவர். "பலகையில பேர் வந்ததும் கூட்டிட்டு வந்துடுங்க. கிருமி திரும்பி வர்றதுக்குள்ள வால்வை மாத்திடணும். இன்னொரு தடவை வந்துச்சுன்னா அந்த வால்வு தாங்காது."

பெயர் வரவில்லை. விற்பனையாளர் விசாரணைச் சாளரத்துக்குப் போனார்.

"உங்க வீட்டம்மா டெஸ்ட்டே எடுக்கலையே சார்," என்றார் எழுத்தர்.

விற்பனையாளர் ஆய்வகம் கொடுத்த தாளைக் காட்டினார். எழுத்தர் அதை மரியாதையாக வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

"தாள்ல இருக்கு. ஸ்கிரீன்ல இல்ல. மறுபடி எடுத்துடுங்களேன், ஒரு சொட்டு ரத்தம்தானே."

மறுபடி எடுத்தார்கள். பூஜ்யம். அதற்கடுத்த முறையும் பூஜ்யம். ரத்தம் எடுக்கும் பெண் ஒவ்வொரு முறையும் மனதாரப் பாராட்டினாள். பலகை மட்டும் அசையவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெயின்டர் இருந்தார். அவர் பெயர் பச்சையில் மின்னியதும் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கிளம்புவதற்கு முன் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"எனக்கு நாலு கிருமி சார். உங்க வீட்ல எத்தனை?"

"ஒண்ணுமே இல்லைங்க."

"அடப் பாவமே," என்றார் பெயின்டர்.

அறுவை மருத்துவரிடம் போய் நின்றபோது அவர் வருத்தப்பட்டார். "எனக்குத் தெரியுது, அவங்க சுத்தமா இருக்காங்க. ஆனா ஆபரேஷன் தியேட்டர் கதவு பலகையோட சேர்த்துப் பூட்டியிருக்கு. பேர் வந்தாத்தான் திறக்கும். நான் உள்ள போகணும்னாகூட யாராவது ஒரு நோயாளி பேர் வேணும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மூணாவது மாடியில தரவுத் துறைன்னு இருக்கு. போய்ப் பாருங்க. நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க."

மூன்றாவது மாடியில் குளிர் அதிகமாக இருந்தது, ஆட்கள் குறைவாக இருந்தார்கள். நிரல் எழுதும் பெண் ஒருத்தி சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாளைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கணினியில் எதையோ தேடி எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இந்த வரிதான் சார். 'இஃப் நாட் கவுண்ட்'னு எழுதியிருக்கு. எண்ணிக்கை இல்லைன்னா டெஸ்ட் எடுக்கலைன்னு வெச்சுக்கோன்னு அர்த்தம். இது பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழி சார். எண்ணிக்கை வரவே இல்லைன்னாலும் 'இல்லை'ன்னு எடுத்துக்கும். வந்த எண்ணிக்கை ஜீரோவா இருந்தாலும் 'இல்லை'ன்னுதான் எடுத்துக்கும். ரெண்டு பேரையும் ஒரே கதவு வழியா வெளிய அனுப்பிடும்."

"ஏம்மா அப்படி?"

"எழுதறவங்களுக்கு வசதி சார்."

"அப்போ என் சம்சாரம்..."

"அவங்களுக்கு ஒரே ஒரு கிருமி இருந்திருந்தா இந்நேரம் ஆபரேஷன் முடிஞ்சிருக்கும்."

விற்பனையாளர் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"மாத்த முடியாதா?"

"'இஃப் கவுண்ட் இஸ் நன்'னு மாத்தணும். நன் அப்படின்னா எதுவுமே வரலைன்னு அர்த்தம். அந்த ஒண்ணை மட்டும் வெளிப்படையாக் கேட்டுட்டா, ஜீரோ ஜீரோவாவே இருக்கும். நீங்க கீழ இறங்கறதுக்குள்ள பண்ணிடுவேன். ஆனா குழு ஒத்துக்கணும்."

குழுவுக்கு வெறுமை மதிப்புகள் உயர்நிலைக் குழு என்று பெயர். நீள்வட்ட மேசை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், பாட்டிலுக்குக் கீழே துணி. தலைமைத் தரவு அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். விற்பனையாளருக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி போட்டு, 'பாதிக்கப்பட்ட தரப்பு' என்று அட்டை வைத்திருந்தார்கள்.

"இங்க நோயாளிதான் ராஜா," என்று அதிகாரி தொடங்கினார். "ஆனா ராஜாவா இருந்தாலும் டேட்டாவுல இருந்தாத்தான் ராஜா. அதை மனசுல வெச்சுக்கிட்டுப் பேசுவோம்."

முதலில் மூத்த ஆலோசகர் பேசினார். அந்த வரியை எழுதியவர் அவர்தான்.

"மூணு வார்த்தையில முடியற விஷயம். அதை ஏன் நாலாக்கணும்? அழகுன்னு ஒண்ணு இருக்கில்லையா? இந்த வரி இத்தனை வருஷமா ஓடுது. இதுவரைக்கும் ஒரு நோயாளிகூடக் குறை சொன்னதில்ல."

"நான் சொல்றேனே சார்," என்றார் விற்பனையாளர்.

"நீங்க நோயாளி இல்ல. உங்க வீட்டம்மா சிஸ்டத்துல இல்ல. இல்லாதவங்க குறையை எந்தக் கணக்குல வைக்கறது?"

எதிர் வரிசையிலிருந்து தரக் கட்டுப்பாட்டு அதிகாரி மேசையைத் தட்டினார். விற்பனையாளருக்கு நம்பிக்கை வந்தது.

"ஆலோசகர் சொல்றது தப்பு," என்றார் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. "எதையும் வெளிப்படையாச் சரிபார்க்கணும். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனா ஒரு வரியை மட்டும் மாத்தினா அது உதவி. எல்லா வரியையும் மாத்தினாத்தான் அது கொள்கை. உதவி பண்றதுக்கு இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்ல."

அதன் பிறகு கொள்கை வகுக்கத் தொடங்கினார்கள். பட்டியல் இருக்கிறது, அதில் ஒன்றும் இல்லை என்றால் அது காலியா, இல்லாததா? பெயர் எழுதும் இடத்தில் யாரோ இடைவெளியை மட்டும் தட்டியிருந்தால் அவருக்குப் பெயர் உண்டா, கிடையாதா? இந்த இடைவெளிக்காரர் விஷயத்தில் இரு தரப்பும் கடுமையாக மோதிக்கொண்டன. தேநீர் வந்தது. குடித்துவிட்டு மீண்டும் மோதிக்கொண்டன.

விற்பனையாளர் கையைத் தூக்கினார். "ஐயா, எங்க கடையில கண் பரிசோதனை பண்ணி பவர் ஜீரோன்னு வந்தா, கண்ணு நல்லாருக்குன்னு சொல்லி அனுப்புவோம். பரிசோதனையே பண்ணலைன்னு சொல்ல மாட்டோம்."

அதிகாரி கனிவோடு தலையசைத்தார்.

"நல்ல உதாரணம். ஆனா இது இதய மருத்துவமனை. கண் சம்பந்தப்பட்டதைக் குறிப்புல ஏத்த முடியாது."

காலி என்றால் என்ன என்று வரையறுக்க ஒரு துணைக்குழு அமைத்துவிட்டுக் கலைந்தார்கள்.

வீட்டில் மனைவி தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"நீ இன்னும் இல்லையாம்."

"அப்போ நேத்துத் துவைச்ச துணியெல்லாம் யாரு மடிச்சா? கேட்டீங்களா?" என்று சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. அது அடங்கிய பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, ஒரு கிருமி இருந்தாப் போதும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுன்னீங்களே. ஆய்வகத்துல சொல்லி ஒண்ணுன்னு போட்டுக்க முடியாதா? யாருக்கு நஷ்டம்?"

விற்பனையாளர் அதுவரை யாரிடமும் பொய் கேட்டு நின்றதில்லை. மறுநாள் ஆய்வகத் தலைவரிடம் கேட்டார். தலைவர் ஒரு நீண்ட பெயர் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் நிமிர்ந்தார். கை மட்டும் நிற்கவில்லை.

"சார், இது மனசாட்சி உள்ள லேப். இல்லாத கிருமியை இருக்குன்னு எழுதச் சொல்றீங்களா? எண்ணினதைத்தான் எழுதுவோம். எண்ணாததை எழுத மாட்டோம். இந்தக் கை அந்தத் தப்பைப் பண்ணாது."

பேசும்போது அந்தக் கை ஒரே விசையைத் தட்டி, அடுத்த பெயருக்கு இறங்கி, மீண்டும் அதையே தட்டிக்கொண்டிருந்ததை விற்பனையாளர் பார்த்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். இவ்வளவு நேர்மையான இடத்தில் போய்க் கேட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

நிரல் எழுதும் பெண் விடவில்லை. துணைக்குழு உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் அறை வாசலிலும் நின்றாள். விற்பனையாளர் பெயரில் புகார் ஒன்றைப் பதிவு செய்து, அதை யாரும் மூடிவிடாமல் தினமும் காலையில் வந்து பார்த்துக்கொண்டாள். கடைசியில், சோதனை முயற்சியாக அந்த ஒரு வரியை மட்டும் மாற்ற அனுமதி கிடைத்தது.

அதற்கு விழா எடுத்தார்கள். கூடத்தில் பலகைக்குக் குறுக்கே நாடா கட்டியிருந்தது. விற்பனையாளர் மனைவியைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். அவள் நல்ல புடவையாகக் கட்டியிருந்தாள்.

"இல்லாததை இல்லைன்னு சொல்ற துணிச்சல் இன்னிக்குத்தான் நமக்கு வந்திருக்கு," என்று முழங்கினார் தலைமைத் தரவு அதிகாரி. "இனிமே இந்த மருத்துவமனையில ஜீரோவுக்கும் மரியாதை உண்டு!" என்று பொத்தானை அழுத்தினார்.

பலகை பச்சையால் நிரம்பியது. முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். பெயர்கள் மேலே மேலே ஓடின. பலகை ஒரு முறை நிறைந்து, மறுபடி நிறைந்து, மூச்சு விடாமல் ஓடிக்கொண்டே இருந்தது. கைதட்டல் தேய்ந்து நின்றது. கிருமி குறைந்தவருக்கு முதலிடம், சமமாக இருந்தால் முதலில் பதிவு செய்தவருக்கு முதலிடம் என்பது பலகையின் ஒழுங்கு. மனைவியின் பெயர் வரும் வரை விற்பனையாளர் கண் இமைக்கவில்லை. அது கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது.

"இவ்வளவு பேரா எனக்கு முன்னால?" என்றாள் மனைவி.

வரிசையில் முதல் பெயர் வாசல் காவலாளியுடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருத்துவப் பரிசோதனைக்குப் பதிவு செய்துகொண்டு, ஊசிக்குப் பயந்து போகாமலிருந்தவர். பலகையை மீறக் கூடாது என்பதால் இரண்டு பேர் அவரை வாசலிலிருந்தே தூக்கிக்கொண்டு போனார்கள். மார்பில் பாதி முடியை மழித்த பிறகு அவர் பச்சை அங்கியோடு நடைபாதையில் ஓடினார். இரண்டாவது பெயர் எப்போதோ மின்விசிறி மாட்ட வந்து, தவறுதலாக நோயாளி வரிசையில் பதிவான ஆளுடையது. மூன்றாமவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் வராததால் தியேட்டர் கதவு அன்று முழுவதும் அவருக்காக மட்டும் திறந்தே இருந்தது.

விசாரணையில் ஆய்வகத் தலைவர் எதையும் மறைக்கவில்லை.

"வராதவங்களுக்கெல்லாம் ஜீரோதான் சார் போடுவோம். பெட்டியைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பேருக்கே விடாது. 'வெற்றிடம் அனுமதிக்கப்படாது'ன்னு கத்தும். ஏதாவது ஒண்ணு போட்டே ஆகணும். ஜீரோ போட்டா ஆளு தானா மறைஞ்சிடுவாரு. இத்தனை வருஷமா ஒரு பிரச்சினையும் இல்ல. இப்ப யாரோ கைய வெச்சுக் கெடுத்துட்டாங்க."

குழுவில் எல்லோரும் நிரல் எழுதும் பெண்ணைப் பார்த்தார்கள்.

"அப்போ அந்தப் பெட்டியைக் காலியா விட அனுமதிக்கலாமே சார்," என்றாள் அவள். "வராதவங்களுக்குக் காலி. வந்து எடுத்தவங்களுக்கு நிஜமான எண்ணிக்கை. அவ்வளவுதானே?"

"பெட்டி எங்க குழுவுக்குக் கீழ வராது," என்றார் அதிகாரி. "அது உள்ளீட்டுக் குழு. அந்தக் குழுவை இன்னும் அமைக்கல."

பழைய வரி அன்றே திரும்பி வந்தது. பலகை சுத்தமானது. விற்பனையாளரின் மனைவி மறுபடி பரிசோதனை எடுக்காதவள் ஆனாள். மூத்த ஆலோசகருக்குச் சால்வை போர்த்தினார்கள். ஏற்புரையில் அவர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "அழகை நம்பினவன் கெட்டுப்போக மாட்டான்."

ஆனாலும் வெளிப்படையான சரிபார்ப்பு என்ற கொள்கையை யாரும் கைவிடவில்லை. நிரலில் கை வைப்பது ஆபத்து என்று தெரிந்துவிட்டதால், அதை நோயாளிகளிடம் நடைமுறைப்படுத்தினார்கள். கூடத்தின் நுழைவில் புதிதாக மூன்று சாளரங்கள் முளைத்தன. முதல் சாளரத்தில் நோயாளி இருக்கிறாரா என்று பார்ப்பார்கள். அவர் தன் வாயால் "வந்திருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். மயக்கத்தில் இருப்பவர்களுக்காக உறவினர் சொல்லலாம், ஆனால் உறவினர் இருக்கிறாரா என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டாவது சாளரத்தில் எடை பார்த்து, 'காலி இல்லை' என்று மணிக்கட்டில் முத்திரை குத்துவார்கள். எடையே இல்லாதவர்கள் மூன்றாவது சாளரத்துக்குப் போக வேண்டும். அங்கே உட்கார்ந்தவருக்கு அந்த ஆண்டின் சிறந்த ஊழியர் விருது கிடைத்தது. அவரிடம் நிலுவையே இல்லை.

விற்பனையாளர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவதும் போவதுமாக இருந்தார். ஒவ்வொரு முறையும் அவள் "வந்திருக்கேன்" என்பாள். குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்ந்தது. எடையும்தான். மணிக்கட்டில் பழைய முத்திரை அழிவதற்குள் புதியது விழுந்து, அந்த இடம் கறுத்துப்போயிருந்தது.

ஒருநாள் மாலை அவளுக்குக் குளிர் எடுத்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. கணவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, மருத்துவமனைத் தாள்களை எடுத்துப் பையில் வைத்தார். விடிந்ததும் மருத்துவமனைக்கு வந்து ரத்தம் கொடுத்தார்கள். எடுத்த பெண் இந்த முறை பாராட்டவில்லை.

கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது பலகை மின்னியது. அவள் பெயர் நடுவில், பெரிய எழுத்தில், தப்பில்லாமல் வந்தது. சிவப்பில். பக்கத்தில் இருந்த எண்ணிக்கையைப் படித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது.

மனைவி தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவாச்சும் நான் இருக்கேன்னு ஒத்துக்கிட்டாங்களே," என்றாள்.

அறுவை மருத்துவர் அந்தப் பக்கமாக வந்தார். பலகையைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், வந்த வழியே திரும்பிப் போனார். விசாரணைச் சாளரத்து எழுத்தர் மட்டும் எழுந்து ஓடி வந்தார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

"சார், வந்துடுச்சு பாத்தீங்களா! ரிசல்ட் வரலைன்னு புகார் இருந்துச்சில்ல? இப்ப வந்துட்டதால சிஸ்டமே அதை மூடிடுச்சு. 'தீர்க்கப்பட்டது'ன்னு காட்டுது. எவ்வளவு நாளாத் திறந்து கிடந்த புகார் சார் அது!"

மாடிப்படியில் நிரல் எழுதும் பெண் நின்றிருந்தாள். கீழே இறங்கி வரவில்லை. சால்வையின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பு என்றால் வீட்டுக்குப் போகலாம். விற்பனையாளர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியேறும் கதவுக்கு வந்தார். கதவுக்குப் பக்கத்தில் கருவி ஒன்று இருந்தது. புகார் தீர்ந்தவர்கள் சேவைக்கு மதிப்பெண் கொடுத்தால்தான் கதவு திறக்கும். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை பொத்தான்கள்.

விற்பனையாளர் பூஜ்யத்தை அழுத்தினார்.

'நீங்கள் இன்னும் மதிப்பெண் தரவில்லை' என்றது திரை.

மறுபடி அழுத்தினார். கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தார். 'நீங்கள் இன்னும் மதிப்பெண் தரவில்லை.' பின்னால் இன்னொரு சக்கர நாற்காலி வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஊன்றுகோலோடு ஒருவர்.

வாசல் காவலாளி வந்தார். சட்டைப் பொத்தான்களுக்கிடையில் அவருடைய மார்பு முடி ஒரு பக்கம் மட்டும் முளைத்துக்கொண்டிருந்தது.

"ஜீரோவை எடுத்துக்காது சார்," என்றார் மெதுவாக. "நானும் போட்டுப் பாத்துட்டேன். ஒண்ணைத் தட்டுங்க, திறந்துக்கும்."

விற்பனையாளர் அசையவில்லை. விரல் பூஜ்யத்தின் மேலேயே இருந்தது. யாரோ பின்னாலிருந்து, "என்னங்க அங்க, நகருங்க," என்றார்கள்.

மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள். அவள் கை சுட்டது.

"ஒண்ணு போடுங்க. குளிருது. வீட்டுக்குப் போலாம்."

அவர் ஒன்றைத் தொட்டார். 'நன்றி' என்றது திரை. கதவு திறந்தது.

அந்த ஆண்டு முடிவில் தரவுத் துறை வெளியிட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில், மருத்துவமனையின் சேவைக்குப் பூஜ்யம் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.